சுடலைவடிவு சொன்னதாக ஒரு செய்தி

ஜூன் 18, 2024, செவ்வாய்

வகுப்புகள் தொடங்கிவிட்டன. மக்கள் தொடர்பியல் முதலாமாண்டில் முப்பத்தொரு பேர். அதில் நான்கு பேர் வேறு துறையில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள், முகத்திலேயே தெரிகிறது. இருக்கட்டும். நானும் அப்படி வந்தவள்தான்.

வருகிற மே மாதம் எனக்கு ஓய்வு. இருபத்தொன்பது வருஷம் பாடம் எடுத்தாயிற்று, கடைசி வருஷத்தையாவது எழுதி வைப்போம் என்று இந்த நோட்டை வாங்கினேன். "புரபசர் டயரி எழுதுறாங்களா? தோசை கருகுன கணக்கெல்லாம் வருமா?" என்று இவர் கேட்கிறார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மனிதருக்குக் கிண்டலைத் தவிர வேறு வேலை என்ன இருக்கிறது?

மாலையில் முத்துப்பேச்சி வந்து நான்காம் இயலைக் கொடுத்தாள். என்னிடம் ஆய்வு செய்கிறவர்களில் கடைசி ஆள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைகிறவள். வழக்கமாக ஒரு இயலைக் கொடுத்தால் அரைமணி நேரம் பேசாமல் போகமாட்டாள். இன்று மேசையில் வைத்துவிட்டு, "படிங்க மேடம், பெறகு பேசுவோம்" என்று ஓடிவிட்டாள்.

ஜூன் 19, புதன்

வாஷிங் மெஷின் ரிப்பேர். கையால் துவைத்தேன். இயலைப் படிக்க நேரமில்லை.

ஜூன் 22, சனி

படித்தேன். ரத்தம் கொதிக்கிறது.

செங்கணான்குளம் பற்றி எழுதியிருக்கிறாள். விஷயத்தை இங்கேயும் குறித்து வைக்கிறேன். 1991 ஆகஸ்டில் ஒரு சர்க்கரை ஆலையின் கழிவுத் தொட்டி உடைந்து அந்த ஊர்க் குளத்தில் கலந்தது. ஊரே ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆலை நிர்வாகம் மக்களைக் கூட்டிப் பேசியது. போராட்டத்தில் முன்னால் நின்ற சுடலைவடிவு என்ற பெண்ணே, "ஆலைக்காரங்க பேச்சை நம்புறோம், குளத்தைச் சுத்தம் பண்ணித் தருவாங்க" என்றார். எல்லாப் பேப்பரிலும் வந்தது. போராட்டம் முடிந்தது. மிகக் கடுமையாக எதிர்ப்பவரின் வாயிலிருந்தே நம்பிக்கையை வரவழைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் இல்லை. என் முனைவர் பட்டம் இதில்தான். என் புத்தகத்தில் இது மூன்றாம் பாடம். 'செங்கணான்குளம் மாதிரி' என்று எட்டுக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

இவள் எழுதுகிறாள், அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லையாம்.

ஜூன் 24, திங்கள்

கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"யார் சொன்னா கூட்டம் நடக்கலைன்னு?"

"பதினாலு பேர்ட்ட பேசுனேன் மேடம். பதினாலு பேரும் அதத்தான் சொல்லுதாவ."

"முப்பத்திமூணு வருஷம் ஆச்சு. எனக்கு நேத்து வச்ச குழம்பே ஞாபகம் இல்ல."

"அவியளுக்கு இது மறக்காது மேடம்."

"பேப்பர்ல வந்திருக்கே. மூணு பேப்பர்லயும்."

அவள் தயங்கினாள். பிறகு பையிலிருந்து மூன்று பேப்பர் நறுக்குகளின் நகலையும் எடுத்து வரிசையாக வைத்தாள். "மூணுலயும் ஒரே வார்த்தை மேடம். ஒரு கமா கூட மாறல. நிருபர் யாரும் போகல. ஆலையில இருந்து வந்த செய்திக்குறிப்ப அப்படியே போட்டிருக்காவ."

என் ஆய்வேட்டில் அந்த மூன்று நறுக்குகளையும் மூன்று தனித்தனிச் சான்றுகளாகக் காட்டியிருக்கிறேன்.

"குரல் பதிவு இருக்கா?" என்றேன். பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்வதானால் அவள் முறை சரி. கேள்விப் பட்டியல் சரி. நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறாள், அதுதான் எரிச்சல்.

ஜூலை 3, புதன்

நாளை பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கம். பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்றே செய்திக்குறிப்பு கேட்டார்கள். எப்போதும் இப்படித்தான். விழா முடிந்து எழுதினால் பேப்பருக்குப் போய்ச் சேராது. அதனால் முதல்நாளே எழுதிவிடுவோம். "துணைவேந்தர் குத்துவிளக்கேற்றினார். மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்." பத்து நிமிஷத்தில் எழுதி அனுப்பினேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. மாணவர்களுக்கும் ஒரு பயிற்சியாகவே கொடுக்கிறோம்.

ஜூலை 4, வியாழன்

துணைவேந்தர் வரவில்லை. சென்னையில் மாட்டிக்கொண்டாராம். மாலைப் பேப்பரில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

இவர் சந்தைக்குப் போயிருந்தபோது பென்டிரைவைப் போட்டுக் கேட்டேன். சுடலைவடிவின் குரல். அறுபத்தெட்டு வயதாம், கணீரென்று இருக்கிறது.

"நாலு மணிக்குக் கூட்டம்னாவ. ஆறு வரைக்கும் உக்காந்திருந்தோம். மேனேசரு மாடிய விட்டு எறங்கல. எந்திரிச்சி வந்துட்டோம். மறுநா பேப்பர்ல, நான் ஆலைக்காரன நம்புதேன்னு சொன்னேனாம். நான் யாருட்டம்மா சொன்னேன்? ஊரு பூரா கேட்டுச்சு, 'வடிவு, எவ்வளவு வாங்குன?'ன்னு. எங்க மதினி அன்னைக்கு விட்டா பேச்சை. அவ செத்த அன்னைக்குத்தான் நான் அவ முகத்தப் பாத்தேன்."

முத்துப்பேச்சி அதற்கு மேல் ஏதோ கேட்கிறாள். நான் நிறுத்திவிட்டேன். கத்திரிக்காய் நறுக்க வேண்டியிருந்தது.

ஜூலை 15, திங்கள்

அந்தச் செய்திக்குறிப்பைத் தயாரித்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். கூட்டம் நடக்கும் என்று நம்பித்தான் மதியமே எழுதியிருப்பார்கள். இரண்டரை மணி பஸ்ஸில் கவரைக் கொடுத்தனுப்பினால்தான் திருநெல்வேலியில் பேப்பர் ஆபீஸுக்குப் போய்ச் சேரும். அன்றைக்கு வேறு வழி கிடையாது.

இதையெல்லாம் முத்துப்பேச்சி எப்படித் தெரிந்துகொள்வாள்? ஆலை மூடி இருபது வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தென்காசியில் ஒரு கல்லூரியில் பேச்சு. வழியில் செங்கணான்குளத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நின்றது. இறங்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி. ஏற்கெனவே ஒருமுறை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. நெறியாளர் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். போடாவிட்டால் முத்துப்பேச்சியின் ஐந்து வருஷம் குப்பைக்கு.

பதிவாளர் தேநீருக்குக் கூப்பிட்டார். சர்க்கரையே இல்லாத தேநீரும் சர்க்கரையாகப் பேச்சும். "ஓய்வுக்கப்புறம் உங்களை மதிப்புறு பேராசிரியரா வச்சிக்கணும்னு துணைவேந்தருக்கு ஆசை மேடம். உங்க செங்கணான்குளம் மாதிரியை வச்சுத்தான் நம்ம துறைக்கே பேரு. அந்தப் பொண்ணு அதையே தப்புங்குதாமே? நாலாம் இயலை எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்களேன். பட்டமும் வந்துரும், யாருக்கும் சங்கடமில்ல."

யார் போய்ச் சொன்னது என்று தெரியவில்லை. "பாக்கிறேன் சார்" என்றேன். வெட்கக்கேடு. அந்த யோசனை அவருக்கு முன்னால் எனக்கே வந்திருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு முத்துப்பேச்சி ஐந்து பிரதிகளோடு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மேடம், நாலாம் இயல எடுக்கச் சொல்லுவியளோன்னு நெனச்சேன்."

"நெனச்சா என்ன பண்ணியிருப்ப?"

"எடுக்கமாட்டேன்."

"பிறகு பட்டம்?"

"பட்டம் போனாப் போகுது மேடம். அந்தம்மா எங்கிட்ட மூணு மணி நேரம் பேசுனாவ. அதத் தூக்கிப் போட்டுட்டு நான் என்னன்னு டாக்டருன்னு போட்டுக்கிடுவேன்?"

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இருபத்தாறு வயதில் எனக்கு இந்தத் திமிர் இருந்திருந்தால் என்று தோன்றியதும் அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஐந்து பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். 145-ஆம் பக்கத்தில் அட்டவணை எண் தப்பு, அதையும் திருத்தச் சொன்னேன். திருத்தாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த ஆலையில் மக்கள் தொடர்பு உதவியாளராக நான் வேலை பார்த்ததை அப்போது சொல்லியிருக்கலாம். பட்டம் கைக்கு வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போது சொன்னால் அவளுக்குத்தான் சிக்கல். அவள் நல்லதுக்காகத்தான்.

செப்டம்பர் 28, சனி

நேற்றைய கடைசி வரியை மறுபடி படித்தேன். என் மாணவர் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

பிப்ரவரி 20, 2025, வியாழன்

தேர்வாளர்கள் மூன்று பேரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மார்ச் 12 பொது வாய்மொழித் தேர்வு. அறிவிப்பு ஒட்டியாயிற்று. விதிப்படி யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். நடைமுறையில் ஆய்வாளரின் சொந்தக்காரர்கள் வந்து சமோசா சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்கிறவர்கள்கூட முன்கூட்டியே எழுதி வாங்கி வந்திருப்பார்கள்.

முத்துப்பேச்சி சொன்னாள்: "சுடலைவடிவு அம்மாவையும் கூட்டிட்டு வாரேன் மேடம். அவியதான வந்து பாக்கணும்."

"வயசானவங்க, அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றேன்.

"வேன் பேசியாச்சு மேடம்."

மார்ச் 11, செவ்வாய்

காலையில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் கூட இருக்கிற மனிதர், இதைக் கேட்டதேயில்லை. கிண்டல் ஒன்றும் வரவில்லை. கடைசியில், "அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே தெரியணும்லா?" என்றார். உடனே முத்துப்பேச்சிக்குப் போன் போட்டேன். நாளைக்கு என்ன சேலை கட்ட என்று கேட்டாள். பச்சை கட்டு என்றேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்குத் தொடங்கியது. கோவையிலிருந்து வந்த வெளித்தேர்வாளர், தேர்வை நடத்தும் அழைப்பாளராக நான், கூடத்தில் நாற்பது நாற்பத்தைந்து பேர். இரண்டாம் வரிசை ஓரத்தில் சுடலைவடிவு. மெலிந்த உடம்பு, வெளுத்த நீலச்சேலை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

முத்துப்பேச்சி நன்றாகப் பேசினாள். வெளித்தேர்வாளர் கேட்ட ஆறு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு நான் எழுந்து, வழக்கம்போல, "அவையிலிருந்து யாரும் கேள்வி கேட்கலாம்" என்றேன். அவளுடைய தோழி ஒருத்தி எழுதி வைத்திருந்த கேள்வியைப் படித்தாள். அதன்பிறகு சுடலைவடிவு கையைத் தூக்கினார். மைக்கை வாங்கத் தெரியவில்லை. அது இல்லாமலே பேசினார்.

"ஏட்டி முத்துப்பேச்சி, எல்லாம் சரியாத்தான் சொல்லுத. நான் சொல்லாதத நான் சொன்னேன்னு எழுதுன ஆளு யாருன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்லம்மா. ஆலை மூடியாச்சு, பழைய ஃபைல் ஒண்ணும் கிடைக்கல. மக்கள் தொடர்பு ஆபீஸ்ல யாரோ ஒருத்தர். அது இந்த ஆய்வோட குறைன்னு நானே எழுதிருக்கேன்."

"அது தெரியாமப் போயிருமோ?"

"தேடிட்டேம்மா. தெரியல."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். 'வேறு கேள்வி இல்லையென்றால்' என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, வேண்டாம் என்று முடிவெடுத்தேன் என்பதுதான் சரி.

"அதை எழுதினது நான்தான்" என்றேன். "அப்போ அந்த ஆலையில வேலை பார்த்தேன். மதியம் எழுதி இரண்டரை மணி பஸ்ஸுல குடுத்தேன். ஊர்க்காரர் ஒருத்தர் பேச்சு வேணும்னு மேனேஜர் சொன்னார். வாசல்ல உட்கார்ந்தவங்க பேர் எழுதின பட்டியல்ல முதல் பேர் சுடலைவடிவு. அந்தப் பேரைப் போட்டேன். வார்த்தை என்னோடது."

 வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தச் செய்தியைத்தானே நீங்கள் உங்கள் ஆய்வேட்டில் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள்?" என்றார்.

"ஆமாம். நான் எழுதினதையே நான் சான்றாகக் காட்டினேன்."

அவர் வெகுநேரம் ஏதோ எழுதினார். பிறகு, ஆய்வாளர் மீது குறையில்லை, முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன், நெறியாளர் இப்போது சொன்னதை எழுத்தில் வாங்கிப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்றார். கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

முத்துப்பேச்சி என் அருகில் வந்தாள். "அஞ்சு வருஷமாத் தேடுனேன் மேடம். பக்கத்து ரூம்லயே இருந்திருக்கிய." அவ்வளவுதான். தோழிகள் கொண்டுவந்த மாலையை வாங்காமலேயே போய்விட்டாள்.

சுடலைவடிவு எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர் நீங்களா" என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "இங்க சொல்லி என்ன செய்ய? இவியளுக்கு என்னையத் தெரியுமா? ஊர்ல வந்து சொல்லு."

மார்ச் 13, வியாழன்

வகுப்பு எடுத்தேன். மூன்றாம் பாடம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பதிவாளர் போன். "உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க மேடம், புரியுது. எழுத்துல ஒண்ணும் குடுத்துராதீங்க. உங்க பேரு, பல்கலைக்கழகம் பேரு எல்லாம் இருக்கு. கொஞ்ச நாள் அமைதியா இருந்தா ஆறிரும்."

இந்த அறிவுரையை நானே எத்தனை நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்! சம்பளம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன், அவர் சும்மா கொடுக்கிறார்.

"எழுதியாச்சு சார். காலையிலேயே குடுத்துட்டேன். பேப்பருக்கும் அனுப்பியிருக்கேன்."

"மதிப்புறு பதவிக் கோப்பு துணைவேந்தர் மேசையிலதான் இருக்கு மேடம்."

"திருப்பி எடுத்துக்கிடுங்க."

போனை வைத்தேன். வீட்டுக்கு வந்து இவருக்கு ரசம் வைத்தேன், புளி தூக்கலாகிவிட்டது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 19, புதன்

முத்துப்பேச்சி பின்னிணைப்பைச் சரிபார்க்க வந்தாள். நின்றபடியே படித்தாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு மேடம். ஆறு மணிக்குக் கூட்டம் நடக்கலைன்னு தெரிஞ்சிட்டுல்லா? அதுக்குப் பெறகு பேப்பர் ஆபீஸுக்குப் போன் பண்ணுனியளா?"

இவளுக்கு யார் இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது? நான்தான்.

"பண்ணல."

"ஏன் மேடம்?"

"வேலை போயிரும்னு பயம். ரெண்டு நாள்ல இன்னொரு கூட்டம் வச்சிருவாங்க, அப்போ இது நிஜமாயிரும்னும் நினைச்சேன். மேனேஜர் மேசையில போன் இருந்துச்சு. அவர் வீட்டுக்குப் போயிட்டார். ரூம் திறந்துதான் கிடந்தது."

இதை இதுவரை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. பஸ் மேல் பழி போட்டேன், தொழில் வழக்கம் மேல் பழி போட்டேன். திறந்து கிடந்த அந்த அறையைச் சொல்லவேயில்லை.

"அதையும் எழுதுங்க" என்று பேனாவை நீட்டினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகும்போது, "சர்டிபிகேட்ல நெறியாளர்னு உங்க பேருதான் இருக்கும். அத மாத்த முடியாது" என்றாள். வருத்தமாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் 22, சனி

ஒரே ஒரு பேப்பரில் வந்திருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில், நகராட்சி டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே எட்டு வரி. 1991-இல் முதல் பக்கம்.

இந்த எட்டு வரி போதாது. செங்கணான்குளத்தில் எத்தனை பேர் ஒன்பதாம் பக்கம் படிப்பார்கள்?

மார்ச் 30, ஞாயிறு

செங்கணான்குளம் போனேன். வருகிறேன் என்று சுடலைவடிவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். இவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். விலக்கில் இறங்கியபோது முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். நான் வரச் சொல்லவில்லை. "வழி தெரியணும்லா மேடம்" என்றாள்.

குளத்தைப் பார்த்தேன். பாதி முள்ளுக்காடு. மீதியில் தண்ணீர் கிடக்கிறது, மாடுகூட இறங்குவதில்லையாம்.

ரேஷன் கடை முன்னால் வேப்பமரத்தடியில் முப்பது பேர் போல இருந்தார்கள், முன்னால் சுடலைவடிவு. பாதிப்பேர் வயதானவர்கள். கையில் எழுதி எடுத்துப்போயிருந்தேன், பார்த்துப் படிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் பேர் எடுத்ததை, வார்த்தையைக் கட்டியதை, போன் செய்யாததை. "இவங்க ஒரு வார்த்தையும் சொல்லல. யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கல. போராட்டத்தை முடிச்சுவச்சது நான்" என்றேன். என் குரல் உடைந்தது. உடையாமல் பேசவேண்டும் என்று எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தவள்!

துண்டு போட்ட ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு அப்பமே ஒரு சந்தேகந்தான்" என்றார்.

சுடலைவடிவு விருட்டென்று எழுந்தார்.

"சந்தேகமா? யாரு மேல சந்தேகம்? எம்மேலதான பட்டிய! வடிவு, நீ இப்பிடிச் சொன்னியான்னு ஒருத்தன் வந்து எங்கிட்டக் கேட்டியளா? முப்பத்திமூணு வருசத்துல ஒரே ஒருத்தன்? எங்க மதினி கேட்டாளா?"

 அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் கேக்கல."

"இல்லக்கா. கேக்கல."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் இதுவரை எத்தனையோ மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றில்கூட இதற்கு அடுத்து என்ன என்பது கிடையாது. எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

"அன்னைக்குக் கூட்டம் நடந்திருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க அக்கா?"

"இப்பமா கேக்க?"

"இப்பந்தான் கேக்கேன்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். குளத்தில் மீன் செத்து மிதந்த அன்று காலையிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் ஒருவரும் குறுக்கிடவில்லை.